மிளகின் ஈரமும் மார்பகக் கட்டியும்



மட்டாஞ்சேரி ஜூ டவுனில் மிளகு வாங்க வருபவர் ஈரம் எவ்வளவு என்று கேட்காமல் விலை பேசமாட்டார். கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடும் பழைய வியாபாரிகள் உண்டு. ஆனாலும் பேரம் முடியும்போது ஈரமானியும் மேசைக்கு வந்துவிடும். அதற்குள் மிளகைக் கொட்டினால் சதவீதம் தெரியும். இப்படிப்பட்ட மீட்டர்களில் பல, மிளகைக் காயவைத்து எடை பார்ப்பதில்லை. மின்புலத்தில் வைத்து அளக்கின்றன. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. தண்ணீருக்கு ஏறக்குறைய 80. எண்ணெய்க்கு இரண்டோ மூன்றோதான். அதனால் கொஞ்சம் ஈரம் கூடினாலும் மீட்டருக்குத் தெரிந்துவிடுகிறது.

சதைக்கும் இதே கணக்குதான். கொழுப்பில் நீர் குறைவு, புற்றுக்கட்டியில் நீர் அதிகம். 1926-லேயே அமெரிக்காவில் ஹ்யூகோ ஃப்ரிக், ஸ்டெர்ன் மோர்ஸ் என்ற இருவர் மார்பகக் கட்டிகளில் மின்சாரத்தைச் செலுத்தி அளந்தார்கள். சில புற்றுக்கட்டிகள் மற்றச் சதையைவிடக் கூடுதலாக மின்னேற்றத்தைத் தேக்குகின்றன என்று எழுதினார்கள்.

அதற்கு எண்பது ஆண்டுகள் கழித்து, 2006-இல், நம் எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்தே ஓர் ஆய்வு வெளிவந்தது. களமசேரிப் பக்கம் உள்ள குசாட், அதாவது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் மின்னணுவியல் துறையில் ஜி. பிந்து, கே. டி. மாத்யூ உள்ளிட்ட குழுவினர் நுண்ணலையால் மார்பகக் கட்டியைக் காண முயன்றார்கள். அறுவை செய்து எடுத்த மார்பகத்திலிருந்து, ஒரே பெண்ணின் நல்ல சதை, நோயுற்ற சதை இரண்டையும் முப்பது நிமிடத்துக்குள் அளந்தார்கள். நேரம் ஆக ஆகச் சதை உலரும். உலர்ந்தால் அளவும் மாறிவிடும். ஆஸ்பத்திரிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே எத்தனை பரபரப்பு இருந்திருக்கும்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. காற்றிலிருந்து வரும் அலை தோலில் பட்டதும் பெரும்பகுதி திரும்பிவிடும். உள்ளே நுழையவைக்க, சதையைப் போன்ற மின்குணம் கொண்ட ஒரு திரவம் இடையில் வேண்டும். அவர்கள் பயன்படுத்தியது சோளப்பாகு, மிட்டாய்க்காரர்கள் வாங்கும் அதே சரக்கு. அதன் எண் நல்ல மார்பகச் சதையோடு பொருந்திவந்தது. 3,000 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, சிதறி வந்ததைக் கணினியில் போட்டு, மாதிரிக்குள் இருந்த வேறுபாட்டைப் படமாகப் பிரித்துக்காட்டினார்கள். ஆய்வக மாதிரியில்தான், நடமாடும் மனித உடலில் அல்ல. ஆனாலும் பெரிய வேலை.

பிறகு ஏன் ஆஸ்பத்திரிதோறும் இந்த மெஷின் வரவில்லை? அடுத்த ஆண்டே, 2007-இல், அமெரிக்க, கனடிய ஆய்வாளர்கள் ஏராளமான சதை மாதிரிகளை அளந்து ஒரு முடிவைச் சொன்னார்கள். கட்டிக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு பத்து மடங்கு வரை இருக்கிறது. ஆனால் பால்சுரப்பியும் நாரும் செறிந்த நல்ல சதைக்கும் கட்டிக்கும் வேறுபாடு 10 சதவீதம் அளவில்தான். செறிந்த சதை இளம்பெண்களிடம் அதிகம். மேமோகிராமும் தடுமாறுவது அங்கேதான். புதுக்கருவி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே அதற்குக் கண் மங்குகிறது.

வெளியிலிருந்தே தொடக்கூடிய இடங்களில் நிலைமை மேல். சந்தேகமான மச்சத்தில் மின்தடையை அளக்கும் சுவீடன் நாட்டுக் கருவி நெவிசென்ஸுக்கு 2017-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கருப்பை வாய்க்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒன்று உருவானது. இரண்டும் டாக்டருக்குத் துணைதான். நம் திருச்சூரிலுள்ள சி-மெட் நிறுவனம் வேறு வழியில் போனது. அங்கே ஏ. சீமாவின் குழு உருவாக்கிய உள்ளாடை, மார்பகத்தின் வெப்ப வேறுபாட்டைச் சிறு உணரிகளால் அளக்கிறது. 2018-ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது அவருக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, முகாம்களில் ஓர் உலோகத் தண்டைக் கையில் பிடிக்கச் சொல்லிக் கட்டுக்கட்டாக ரிப்போர்ட் நீட்டும் பெட்டியையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். உள்ளங்கையில் பிடித்த தண்டு மார்பில் உள்ள கட்டியைச் சொல்லாது.

கட்டி தட்டுப்பட்டால் டாக்டர் கையால் பார்ப்பார், மேமோகிராமோ ஸ்கேனோ எடுக்கச் சொல்வார், தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார். எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. முப்பது வயது கடந்த பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய், வாய் மூன்றையும் பரிசோதிப்பது அரசுத் திட்டத்திலேயே உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.