தாழப் பறக்கும் கலை

ஹெலிகாப்டரில் ஏறி நிலக்காட்சிகளைப் படமெடுப்பது உலகின் பல நாடுகளில் சிலருக்குப் பொழுதுபோக்கு. காசு கரையும் பொழுதுபோக்குதான். எரிபொருளும் கொஞ்சமா செலவாகிறது? அந்தச் செலவுக்கு ஈடாக இந்தக் கலை எதைத் தருகிறது என்பதே இன்றைய பேச்சு.

1858-இல் நாதார் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறி வானிலிருந்து படமெடுத்தார். பிறகு விமானம் வந்தது, செயற்கைக்கோளும் வந்தது. உயரம் ஏற ஏற மனிதன் கண்ணுக்குத் தெரியாமல் போனான். ஹெலிகாப்டரோ தாழப் பறக்கும்; வேண்டிய இடத்தில் அந்தரத்திலேயே நிற்கும். அதுதான் அதன் பெருமை.

இப்படித் தாழப் பறந்து படமெடுப்பதைக் கலையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் யான் ஆர்த்யூஸ்-பெர்த்ரான். கென்யாவின் மசாய் மாராவில் சிங்கங்களை ஆராயப் போனவர், பிழைப்புக்குப் பலூன் ஓட்டினார். மேலிருந்து பார்க்கும் பார்வை அங்கேதான் அவருக்கு வாய்த்தது. அவர் எடுத்த ஒரு படம், ஐவரி கோஸ்ட்டின் கொரோகோ பகுதியைச் சேர்ந்தது. சட்டகம் முழுக்க வெள்ளை வெளேரென்று பஞ்சு. அதன் நடுவே ஒரு தொழிலாளி கைகாலை நீட்டிப் படுத்து இளைப்பாறுகிறார். இன்னும் சில நூறு அடி மேலே போயிருந்தால் அந்த மனிதர் ஒரு புள்ளி. பஞ்சும் வெறும் வெள்ளைத் திட்டு.

வேலை எளிதன்று. கண்ணாடி வழியாக எடுத்தால் நம் சட்டையின் பிரதிபலிப்பே படத்தில் விழும். அதனால் கதவைக் கழற்றிவிட்டுப் பறப்பார்கள். எந்திர அதிர்வில் படம் கலங்காதிருக்க, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவான ஷட்டர் வேகம் வேண்டும். முழங்கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றக் கூடாது. அதிர்வு நேரே கேமராவுக்குப் போய்விடும். உச்சி வெயிலில் நிலம் தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் வெயில் சாயும்போதுதான் வரப்பும் மணல்மேடும் நிழல் விரித்து எழுந்து நிற்கும்.

உயிர்ப் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச்சில் நியூயார்க்கில், கதவு திறந்த ஹெலிகாப்டர் ஒன்று ஆற்றில் இறங்கிக் கவிழ்ந்தது. கீழே விழாதிருக்கக் கட்டிய வார்களை அவிழ்க்க முடியாமல் பயணிகள் ஐவரும் இறந்தார்கள். வாரை நொடியில் அவிழ்க்கத் தெரியாதவர் ஏறவே கூடாது.

2000-ஆம் ஆண்டில் ஆர்த்யூஸ்-பெர்த்ரான் தம் படங்களைப் பாரிஸின் லுக்சம்பூர்க் பூங்கா வேலிக் கம்பிகளில் மாட்டிவைத்தார். கட்டணம் கிடையாது, தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் இதுதான். எடுத்த படங்களைப் பூட்டி வைக்காதீர்கள். எந்த ஊர் நிலத்தை எடுத்தீர்களோ, அந்த ஊர் மக்களிடம் முதலில் காட்டுங்கள். தங்கள் வயலை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு வேறெப்படிக் கிடைக்கும்?