கசிவைக் கையால் தேடாதீர்கள்

(நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய எமது தொழிற்சாலை, களஞ்சிய அங்கத்தவர்கள், வேலணைத் தீவின் புளியங்கூடலில் ஒரு பகல் தங்கினர். கொழும்புத் தேயிலைக் களஞ்சியங்களில் போர்க்லிப்ட் திருத்தும் வேலை செய்து ஓய்வுபெற்ற அவ்வூர்த் தோழர் ஒருவர், சனசமூக நிலையத்தில் அவர்களுக்கு ஆற்றிய உரை இது.)



தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தீவான் ஒருவன் என்ன சொல்லப்போகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் தீவுப்பகுதி ஆட்கள் பிழைப்புத் தேடிக் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் போய்க் கடை வைத்தவர்கள். நான் கடைக்குப் போகவில்லை, ஸ்பானரைப் பிடித்தேன். நீங்கள் கொய்து, அரைத்து, சாக்கில் கட்டி அனுப்பிய தேயிலையைக் கொழும்பில் தூக்கி அடுக்கிய இயந்திரங்களைத் திருத்தியவன் நான். இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் பலர் அதே களஞ்சியங்களில் வேலை செய்கிறார்கள். அதனால்தான் நோட்டீசில் போட்ட "போர்க்லிப்ட் மாஸ்டில் எண்ணெய்க் கசிவு திருத்துவது எப்படி" என்ற தலைப்புக்குச் சம்மதித்தேன்.

முதலில் இயந்திரத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு பலகைத்தட்டில் 20 சாக்குத் தேயிலை, சாக்கு ஒன்று 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு தொன். அதைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துவது எது? பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. வால்வு வழியாக அது லிப்ட் சிலிண்டருக்குள் போகிறது. சிலிண்டர் தண்டு மேலே எழும்பி உள்மாஸ்டைத் தூக்குகிறது. உள்மாஸ்டின் உச்சியில் உள்ள உருளையில் ஓடும் சங்கிலி, போர்க் பூட்டிய வண்டிலை இழுத்துக்கொண்டு போகிறது.

இறங்கும்போது பம்புக்கு வேலை இல்லை. சுமையின் பாரமே எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே, மேலே நிற்கிற சுமையைத் தாங்கிக்கொண்டிருப்பது இரும்பு அல்ல, உள்ளே அடைபட்டு நிற்கிற எண்ணெய். அந்த எண்ணெய் போகிற பாதையில் ஏதாவது ஒரு நட்டைக் கழற்றினால் சுமை கீழே வரும். சத்தம் போட்டு எச்சரித்துவிட்டு வராது.

இந்த ஊரில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில், துலாவில் ஏறுமுன் ஆடுகாலையும் அச்சுலக்கையையும் தொட்டுப் பார்ப்பார்கள். மேலே நடக்கிறவரின் உயிர் அவற்றில் இருந்தது. மாஸ்டுக்குக் கீழே நிற்கிறவரின் உயிர் ஒரு ரப்பர் சீலிலும் ஒரு ஹோஸ் குழாயிலும் இருக்கிறது. ஆனால் அதை நாங்கள் பார்ப்பதில்லை. சொட்டு விழுந்தால் துணியால் துடைத்துவிட்டு அடுத்த தட்டைத் தூக்கப் போகிறோம்.

அழுத்தத்தைச் சொல்கிறேன். ஒரு கார் டயரில் 30 பிஎஸ்ஐ அளவு காற்று இருக்கும். போர்க்லிப்டின் ஹைட்ரோலிக் குழாயில் 2,000 முதல் 3,000 பிஎஸ்ஐ வரை வரும். மனிதத் தோலைத் துளைக்க 100 பிஎஸ்ஐ போதும். குழாயில் ஊசித் துவாரம் விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய புகை மாதிரி வெளியே பாயும். அதன் முன்னே கையைக் கொண்டுபோனால் கையுறையையும் தோலையும் தாண்டி உள்ளே போகும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எனக்கு உதவியாளாக உங்கள் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் பின்னேரம், லொறிகள் வரிசையில் நின்றன, மாஸ்ட் ஹோஸ் ஒன்றில் ஈரம் தெரிந்தது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். "எங்கே கசிகிறது என்று தடவிப் பார்" என்று அந்தப் பையனிடம் சொன்னது மேற்பார்வையாளர் அல்ல, நான்தான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தடவினான், "குத்தினது மாதிரி இருக்கு அண்ணை" என்றான். விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. இரத்தம்கூட இல்லை. பிளாஸ்டர் ஒட்டி வேலைக்கு விட்டோம். இரவு கை வீங்கியது. அடுத்த நாள் விரல் நிறம் மாறியது. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை வெட்டிக் கழுவினார்கள். கடைசியில் சுட்டுவிரலை எடுத்தார்கள். களஞ்சியப் புத்தகத்தில் "தொழிலாளியின் கவலையீனம்" என்று எழுதினார்கள். அந்த வரிக்குக் கீழே நானும் சாட்சியாகக் கையெழுத்து வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்தக் கையெழுத்தை அழிக்க முடியாது. அதனால்தான் கூப்பிட்ட இடமெல்லாம் போய் இதைச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட 435 கைக்காயங்களைத் திரட்டிப் பார்த்து 2006இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு விரலோ கையின் பகுதியோ எடுக்கப்பட்டது என்று சொல்கிறது. காயம் சிறிதாகத் தெரிவதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

சரி, திருத்துகிற முறைக்கு வருவோம்.

ஒன்று, நிறுத்துவது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சுமையை இறக்குங்கள். போர்க் நுனி தரையில் படும்வரை இறக்கி, மாஸ்டைச் சற்று முன்னே சரியுங்கள். கைப்பிரேக் போடுங்கள், இயந்திரத்தை அணையுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கவேண்டும், வண்டியில் அல்ல. "திருத்தத்தில் உள்ளது, தொடாதே" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். பிறகு லீவர்களை எல்லாப் பக்கமும் பல தடவை அசைத்து உள்ளே நிற்கிற அழுத்தத்தை விடுங்கள். மின்சாரத்தால் இயங்கும் சில புதிய வண்டிகளில் இதற்கு வேறு முறை உண்டு. கைநூலைப் பார்த்துச் செய்யுங்கள்.

மாஸ்டை உயர்த்தித்தான் வேலை செய்யவேண்டும் என்றால், உள்மாஸ்டின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பாரம் தாங்கும் கட்டை கொடுத்து, சங்கிலியாலும் கட்டுங்கள். அந்தக் கட்டையின்மேல் பாரம் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானரை எடுக்கவேண்டும். எண்ணெயை நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது.

இரண்டு, தேடுவது. முதலில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பழைய எண்ணெய் மேலிருந்து கீழே ஓடிப் பொய் சொல்லும். பிறகு இயக்கிப் பார்க்கும்போது, கண்ணாடி அணிந்து, நீளத் தடியில் கட்டிய காட்போட் மட்டையைக் குழாயோரம் கொண்டுபோங்கள். மட்டையில் ஈரம் பட்ட இடம்தான் கசிவு. கை எப்போதும் தூரத்தில்.

மூன்று, எங்கே பார்ப்பது. சிலிண்டர் வாயில், தண்டு வெளியே வருகிற கிளாண்ட் பகுதி. மாஸ்ட் சட்டத்தில் உரசித் தேய்கிற ஹோஸ். ஹோஸ் தலைகளும் அவற்றின் ஓ வளையங்களும். மாஸ்டை முன்னும் பின்னும் சரிக்கும் சிலிண்டர்கள். வால்வு. ஒரு சொட்டும் வெளியே விழாமல் உள்ளேயே கசிவதும் உண்டு. சுமையைத் தூக்கி நிறுத்தினால் தானாக மெல்ல இறங்கும். வால்வோ பிஸ்டன் சீலோ தேய்ந்திருக்கும். முழுச் சுமையுடன் முதல் பத்து நிமிடத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது சர்வதேச நியமம். சோக்கால் கோடு போட்டு, விலகி நின்று மணி பாருங்கள்.

நான்கு, கழற்றுவது. இணைப்பை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். மேலே துணி மூடி, முகத்தைத் திருப்பி, கால் சுற்றுத் தளர்த்திப் பொறுங்கள். பாய்ந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது, திரும்ப இறுக்கி முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்து, சீல் மாற்றுவது. இங்கே சாக்கில் வைத்திருக்கிற இந்தத் தண்டைத் தொட்டுப் பாருங்கள். நகம் தடக்குகிறதா? குரோம் பூச்சில் கீறலும் துருப்புள்ளியும். துறைமுகத்துக் கடற்காற்று செய்த வேலை. இதற்குப் புதுச் சீல் போட்டால் சில கிழமைகளில் அதையும் தின்றுவிடும். ஆகவே சீலை வாங்குமுன் தண்டைப் பாருங்கள். தண்டு பழுதென்றால் தண்டைத்தான் மாற்றவேண்டும்.

கிளாண்டை அதற்குரிய கொக்கி ஸ்பானரால் கழற்றுங்கள், உளியும் சுத்தியலும் வேண்டாம். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துவையுங்கள். சீலின் உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்கவேண்டும். திருகாணிப் புரி உதட்டை அறுக்காமல் புரிமேல் டேப் சுற்றி, சீலுக்கு எண்ணெய் தடவி, விரலால் உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வேலை பாழ்.

ஹோஸ் பழுதென்றால் அதே அழுத்தத்துக்குரிய புது ஹோஸ்தான் போடவேண்டும். டியூப் ரப்பர் சுற்றுவது, கம்பியால் இறுக்குவது, கிளிப் போடுவது எல்லாம் திருத்தம் அல்ல, கொலை முயற்சி.

ஆறு, முடிப்பது. மாஸ்ட் இறங்கி நிற்கும்போது எண்ணெய் மட்டம் பாருங்கள். கைநூல் சொன்ன தரத்து எண்ணெயையே ஊற்றுங்கள். சுமையில்லாமல் பல தடவை மெல்ல ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு மட்டையால் திரும்பச் சோதியுங்கள். பிறகு சிறு சுமை. சங்கிலி இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாகப் புத்தகத்தில் திகதி, செய்த வேலை, மாற்றிய பொருள் எல்லாம் எழுதிக் கையெழுத்து வையுங்கள். உண்மைக்கு வைக்கிற கையெழுத்து.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் விபத்து நடக்கிறது? ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு நேரம் கொடுப்பதில்லை. தேயிலை மணம் பிடிக்கிற சரக்கு. எண்ணெய் வாடை ஏறினால் சரக்குத் திரும்பி வரும். ஆகவே சாக்கில் ஒரு சொட்டு விழுந்தால் துரைமார் ஓடி வருவார்கள். அதே எண்ணெய் தொழிலாளியின் விரலுக்குள் போனால் பிளாஸ்டர் ஒட்டி அனுப்புவார்கள். சாக்குக்குக் கொடுக்கிற மரியாதையைக் கைக்கும் கொடு என்று கேட்பதுதான் சங்கத்தின் வேலை.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி பார்வையிட்டுக் கேள்வி கேட்கத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையால், வேலையின்போது வந்த காயத்துக்கு நட்டஈடு தருகிறது. விரல் இழப்புக்கும் அதன் அட்டவணையில் இடம் உண்டு. "கவலையீனம்" என்று ஒருவர் எழுதிய ஒரு சொல் மட்டும் அதை மறுக்கப் போதாது. அந்தப் பையனுக்கு இதைச் சொல்ல அன்றைக்கு அங்கே சங்கம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

அடுத்த பேச்சுவார்த்தையில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். முதலாவது, பயிற்சி பெற்றவர் தவிர வேறெவரும் மாஸ்டைத் திருத்தக்கூடாது, திருத்தும்போது சாவி அவர் கையில் இருக்கவேண்டும். இரண்டாவது, கசிவு தெரிந்த வண்டியை நிறுத்திய தொழிலாளிக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. மூன்றாவது, போர்க்லிப்ட் உள்ள இடத்தில் எல்லாம் ஓர் அறிவித்தல் தொங்கவேண்டும்.

அந்த அறிவித்தலில் எழுதவேண்டியதை இப்போதே மனதில் வையுங்கள். அழுத்த எண்ணெய் தோலில் குத்தினால், புள்ளி எவ்வளவு சிறிதானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வலிக்கவில்லை என்று காத்திருக்காதே. பிதுக்காதே, சுடுநீர் ஒத்தடம் கொடுக்காதே. தோட்ட மருந்தகத்தோடு நிற்காதே, சத்திரசிகிச்சை செய்யக்கூடிய பெரிய ஆஸ்பத்திரியைக் கேள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. டொக்டரிடம் "உயர் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று அந்தச் சொற்களிலேயே சொல், எண்ணெய் டின்னின் லேபலையும் கொண்டுபோ. முதல் சில மணி நேரம்தான் விரலைக் காப்பாற்றும்.

தம்பி தங்கச்சிமாரே, சீல் மாற்ற ஓர் இரவில் படிக்கலாம். "அழுத்தம் இறங்கும்வரை தொடமாட்டேன்" என்று மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம். அதைத் தனியாக நின்று சொல்ல என்னால் முடியவில்லை. நீங்கள் சேர்ந்து நின்று சொல்லுங்கள்.

வெயில் ஏறுகிறது, இளநீர் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வாருங்கள், இந்தப் பழைய சிலிண்டரை ஒவ்வொருவரும் ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பார்ப்போம்.