தற்காப்பும் மறுவிசாரணையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழிஞ்ஞத்துக் கரையில் நின்று கடலை நோக்குவோர்க்கு இன்று பெருங்கப்பல்கள் காட்சி தருகின்றன. 2025 மே 2-ஆம் நாள் இங்குள்ள புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அக்கப்பல்கள் செல்லும் கடலிலேதான் நம் மீனவரின் சிறு படகுகளும் செல்கின்றன. ஆகவே இக்கடலில் நிகழ்ந்த ஒரு வழக்கைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். நாம் சட்டம் பயின்றோம் அல்லோம். இரயில்வேக் கணக்கேடுகளோடு காலம் கழிப்போம். ஆயினும் நம் குடும்பங்கள் அறியவேண்டிய செய்தி இது.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில், 'என்ரிகா லெக்ஸி' என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து 'செயின்ட் ஆன்டனி' என்னும் மீன்பிடி படகின்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்தவர்; மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கப்பற்காவலில் இருந்த இத்தாலியக் கடற்படையினர் மஸ்ஸிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே ஆகிய இருவரும் கைதாயினர். கடற்கொள்ளையர் படகென்று கருதினோம் என்பது அவர்கள் தரப்பு. படகிலோ ஆயுதம் ஏதும் இல்லை.

தற்காப்புக்காகச் சுட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் வழக்கே எழாது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வழக்கு எழும், பின்னரே தற்காப்பு ஆராயப்படும். அன்றிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இவ்வுரிமையை வகுத்தன. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வகுக்கின்றன. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்ற அச்சம் இருந்தால் மட்டும் போதாது. அவ்வச்சம் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும். தேவைக்கு மிஞ்சித் தீங்கு செய்தலும் கூடாது. இதனைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மீது விழும். ஆனால் ஐயமற நிறுவவேண்டுவதில்லை. நம்பத்தக்கதென்று காட்டினாற் போதும். சாட்சிகளைக் கூண்டிலேற்றி, எவ்வளவு தொலைவு, எத்தனை குண்டு, முன்னெச்சரிக்கை உண்டா என்று கேட்டறியாமல் இது தெளிவாகாது.

அக்கேள்விகள் கேட்கப்படவே இல்லை. எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. கேரளத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசே தனி நீதிமன்றம் அமைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 சனவரி 18-இல் கூறியது. பின்னர் வழக்கு அனைத்துலக நடுவர் மன்றத்துக்குச் சென்றது. 2020 மே 21-ஆம் நாளிட்ட தீர்ப்பில், மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அரசு அலுவலர் என்ற முறையில் அவ்விருவரையும் இந்தியா விசாரிக்க இயலாது என முடிவாயிற்று. இத்தாலி இழப்பீடு தரவேண்டும் என்றும் அதே தீர்ப்பு பணித்தது. 10 கோடி ரூபாய் வந்தது: குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 சூன் 15-இல் உச்ச நீதிமன்றம் இந்திய வழக்கை முடித்து வைத்தது.

ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாதென்பதனால்தான் இவர்கள் தப்பினர் என்று சிலர் நம்மிடம் வாதிட்டனர். அவ்விதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரசியலமைப்பின் 20(2) பிரிவு, வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் பெற்றவரையே காக்கின்றது. விடுதலையானவரைக் காப்பது குற்ற நடைமுறைச் சட்டம். முன்பு 300-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337-ஆம் பிரிவு. இரண்டுக்கும் முதலில் ஒரு விசாரணை நடந்து முடிந்திருத்தல் வேண்டும். அதிலும் விலக்குண்டு. கொடுங்காயம் விளைத்ததாகத் தண்டனை பெற்றவனிடம் காயம்பட்டவர் பின்னர் அக்காயத்தாலேயே இறந்துபட்டால், மரணம் விளைத்த குற்றத்துக்கு அவனை மீண்டும் விசாரிக்கலாம். (நம் அலுவலக நண்பர்கள் கவனிக்க: இலாகா விசாரணை இவ்விதியின் பொருளில் வழக்காகாது. அங்கே தண்டனை பெற்றவரை நீதிமன்றமும் தண்டிக்கலாம்.)

இத்தாலியிலாவது விசாரணை நடந்ததா எனில், 2022 சனவரி 31-இல் உரோமை நீதிபதி ஒருவர், விசாரணைக்குப் போதிய சான்றில்லை என்று அதனைக் கைவிட்டார். கொள்ளையரென்று அவர்கள் எண்ணியது நியாயந்தானா என்பதற்கு, இங்கும் அங்கும், விசாரித்து எழுதிய தீர்ப்பு இல்லை.