ஊழியமும் உலையும்

(கெங்குவார்பட்டியில் காலனி இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரியாத்தாக்களுக்கும், உட்காராமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே கேட்கிற தம்பிகளுக்கும் வணக்கம். ஜெய்பீம்.

'கிறிஸ்தவ விசுவாசமும் சமூக ஊழியமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நோட்டீசில் எனக்குக் 'கவிஞர்' என்று பட்டம் வேறு. அடுத்தவன் பணத்தை எண்ணிக் கட்டுப் போடுகிற பேங்க் குமாஸ்தாவுக்கு இது கொஞ்சம் ஜாஸ்திதான். போகட்டும். எனக்கு அந்த ஊழியம் என்கிற சொல்லிலேயே ஒரு முள் இருக்கிறது. அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்.

சபையில் ஊழியக்காரர் என்றால் யார்? வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் பைபிள், எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி. 'இருந்த வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துட்டேன்' என்று சாட்சி சொல்லுவார்கள். எங்க தாத்தாவும் முழுநேர ஊழியர்தான். ஊருக்குள்ள சாவு விழுந்தா தேவதானப்பட்டி, பெரியகுளம், வத்தலக்குண்டுன்னு கால்நடையாப் போய்ச் சேதி சொல்லணும். செத்த மாட்டைத் தூக்கணும். களத்துல கடைசியா நின்னு, கூட்டி அள்ளுன பதரோட கெடக்குற நெல்ல வாங்கிட்டு வரணும். கூலின்னு வாய் திறந்தா அடி. அவரை யாரும் ஐயா என்று அழைத்து நாற்காலி போட்டதில்லை.

இது வெறும் சொல் விளையாட்டில்லை தோழர்களே. ஊழியம் என்பதற்குப் பழைய பொருளே கூலியில்லாத கட்டாய வேலைதான். திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகளிடமிருந்து சர்க்கார் பிடுங்கிய உழைப்புக்குப் பெயர் ஊழியம். கர்னல் மன்றோ அங்கே ரெசிடெண்டாக இருந்த 1810-களில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் ஆறு நாள்? அந்தச் சொல்லையே எடுத்துக் கழுவித் துடைத்து தேவனுடைய வேலைக்குப் பெயராக வைத்தாகிவிட்டது. சொல் மேடையேறிவிட்டது. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த மனுசன் ஏறினானா என்பதுதான் என் கேள்வி.

பெரிய வியாழக்கிழமை ராத்திரி இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார். ஒவ்வொரு வருசமும் பிரசங்கத்தில் இதைத் 'தாழ்மை' என்கிறார்கள். அந்தக் காலத்தில் காலைக் கழுவுவது அடிமையின் வேலை. உயர்ந்தவர் ஒருநாள் குனிந்து காட்டினார் என்று நாம் படிக்கிறோம். அவர் அடிமையின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார், அதனால்தான் பேதுருவுக்குப் பதறியது என்று ஏன் படிக்கக் கூடாது?

நம்ம தெருவுக்கு டிசம்பர் மாசம் வேன் வரும். எந்த ஊர், எந்த சபை என்று சொல்லப் போவதில்லை, அது முக்கியமுமில்லை. சேலை, போர்வை, கேக்கு. வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். எங்கம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டும். 'இல்லம்மா, இப்பத்தான் குடிச்சோம்' என்பார்கள். சின்னப் பிள்ளையில் அதை மரியாதை என்று நினைத்தேன். விவரம் தெரிந்தபிறகு வருசாவருசம் எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் எப்பவும் இப்பத்தான் குடிச்சிருந்தார்கள்.

இதற்காக ஊழியம் செய்த எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுக் கவிழ்க்க நான் தயாரில்லை. 1955-இல் டாக்டர் ஏ.கே. தரியனும் நண்பர்களும் கேரளத்திலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு வந்து ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். நம்ம பக்கத்துச் சனம் எத்தனை பேர் அந்த சி.எஃப். ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்து வந்திருக்கிறோம்! அவர்கள் வேனில் வந்து திரும்பிப் போனவர்களில்லை, வந்து தங்கினவர்கள். அந்த வித்தியாசத்தை நாம் மதிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் சுனாமியை யோசித்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினம் கரைக்கு உலகம் முழுவதிலுமிருந்து உதவி வந்தது. அழுகிப்போன உடல்களைத் தூக்கினது யார்? வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டுபோன துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலும் அருந்ததியர்கள். அதே கரையில் தலித்துகளை நிவாரண முகாமில் சேர்க்காமல் விரட்டினார்கள் என்பதும் அப்போதே பதிவாகியிருக்கிறது. சேலை கொடுத்தவனுக்கு ஊழியம் என்று பெயர். பிணத்தைத் தூக்கினவனுக்கு டூட்டி என்று பெயர். பிறர்மேல் அன்பு என்கிறீர்களே, பெற்ற பிள்ளையாலேயே தொடமுடியாத உடலைத் தொட்டு அடக்கம் பண்ணினவனை எந்த சபைப் பத்திரிகை அட்டையில் போட்டது?

இனி உலைக்கு வருகிறேன்.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்று ஒரு ஆசிரியர் இருந்தார். பரட்டை என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர். கோயிலில் கர்நாடக ராகக் கீர்த்தனையும் ஆங்கில ஞானப்பாட்டும்தான் கடவுளுக்குப் புரியும் என்றிருந்த இடத்தில் கிராமத்து மெட்டை, கிராமத்துப் பேச்சைக் கொண்டுவந்து ஆராதனை பண்ணினார். 2005-இல் இறந்துபோனார். நான் பள்ளிக்கூடப் பையன், பார்த்ததில்லை. அவரிடம் படித்தவர்கள் பாடித்தான் கேட்டேன். அவருடைய இறையியலின் நடுவில் இருந்தது ஒரு சட்டி. ஒரே உலை. எல்லாரும் கொண்டாந்ததை ஒன்றாகப் போட்டுப் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து தின்பது. கிறிஸ்தவம் என்றால் இதுதான் என்றார். கொடுக்கிற கை, வாங்குகிற கை என்று இரண்டு கை அதில் கிடையாது.

இது புதுசுமில்லை. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் மதுரைக்கு வந்தது. 1847-இல் அவர்கள் கறாராக ஒரு முடிவெடுத்தார்கள்: சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டு. உபதேசியார்களிலேயே பலபேர் வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுந்து போனார்கள். வேதத்தை விட்டுக்கொடுக்கவில்லை, வேலையை விட்டுக்கொடுத்தார்கள், பந்தியை மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. வெள்ளைக்காரன் செய்ததெல்லாம் சரி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

இதுவரைக்கும் நீங்கள் கை தட்டினீர்கள். இனிமேல் தட்டமாட்டீர்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. மாந்தோப்பு வேலை இல்லை, கட்டட வேலை இல்லை, பஸ் இல்லை. நம்ம தம்பிகள் வசூல் பண்ணி அரிசி வாங்கி, கோயில் திண்ணைக்குப் பக்கத்தில் அண்டா வைத்தார்கள். யார் பொங்குவது? கீழத்தெரு அக்கா ஒருத்தர் வந்தார்கள். நூறு பேருக்கு உலை வைத்தாலும் குழையாமல் இறக்குகிற கை. வீட்டுக்காரர் பேரூராட்சியில் துப்புரவு வேலை. சாதி சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் சோறு மிஞ்சியது. பசி இருந்தது, சோறும் மிஞ்சியது. 'நாங்க வீட்டுலயே பாத்துக்கிறோம்ப்பா' என்றார்கள். பொட்டலம் வாங்கிப்போன ஒரு வீட்டில் அதைப் பிரித்து ஆட்டுக்கு வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அது என் சின்னம்மா வீடு. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், சொல்லட்டுமா என்று கேட்டுத்தான் சொல்கிறேன். 'சொல்லுடா, நீயும்தான அன்னைக்குப் பாத்துட்டுப் பேசாமப் போன' என்றார்கள். உண்மை. பேசாமல்தான் போனேன். சொந்தக்காரர்கள் மத்தியில் சங்கடம் எதற்கு என்று நினைத்தேன். அந்தியோகியாவில் பேதுருவும் இதைத்தான் செய்தார். யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெள்ள எழுந்து விலகினார். பவுல் முகத்துக்கு நேரே கேட்டார். என்னைக் கேட்க அன்றைக்கு ஆளில்லை.

நாலாம் நாள் எங்க பெரியாத்தா வந்தது. இந்தத் தெருவில் பாதிப்பேருக்குத் தொப்புள்கொடி அறுத்த கை. எழுத்துத் தெரியாது, பைபிளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முத்தம் கொடுக்கும். தட்டை எடுத்துவந்து அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, 'ஏத்தா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து' என்றது. கொள்கை கோட்பாடெல்லாம் ஒன்றுமில்லை, அதற்குப் பசி. மறுநாள் இன்னும் ஏழெட்டுப்பேர் உட்கார்ந்தார்கள். எல்லாரும் உட்காரவில்லை. என் சின்னம்மா கடைசிவரை உட்காரவில்லை.

1950-ஆம் வருச ஜனாதிபதி ஆணையைப் பற்றி நாம் மூச்சுப்பிடித்துப் பேசுகிறோம். மதம் மாறினாலும் சாதி மாறவில்லையே, எங்கள் உரிமையை ஏன் பறிக்கிறாய் என்று. நியாயமான கேள்வி. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திருத்தம் வந்தது, கிறிஸ்தவத் தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் இன்னும் இல்லை. (என் சர்டிபிகேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கூட்டம் முடிந்ததும் தனியாகக் கேளுங்கள்.) ஆனால் சாதி மாறவில்லை என்பதற்கு டெல்லியில் சாட்சி தேடுகிறோம். சாட்சி அந்த ஆட்டுக்கல் பக்கத்தில் கட்டியிருந்த ஆடு.

வர்ற ஞாயிற்றுக்கிழமை அசனம். கமிட்டியில் பேச்சு வந்தபோது, 'எதுக்குப் பிரச்சினை, வத்தலக்குண்டுல இருந்து சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு காண்ட்ராக்டா விட்டுருவோம்' என்று முடிவானது. இது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிற தந்திரம். காசு கொடுத்தால் யார் பொங்குவது என்கிற கேள்வியே வராது. மாஸ்டர் என்ன சாதி என்று மட்டும் ரகசியமாக விசாரித்துக்கொள்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேற்று சாயங்காலம் கீழத்தெருவுக்குப் போனேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். விசயத்தைச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசாமல் போனதையும் சொன்னேன். அதற்கு ஒன்றும் பதில் சொல்லவில்லை. 'வாரவுக உக்காந்து திம்பாகளா, வாங்கிட்டுப் போவாகளா?' என்று மட்டும் கேட்டார்கள்.

தெரியலக்கா என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள். எத்தனை படி போடணும்னு அக்காவுக்கு நாளைக்குள்ள சொல்லியாகணும்.