மலைப்பாதையில் டயரின் காற்று

கொழும்பிலிருந்து புறப்பட்டு அவிசாவளை, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏறிச் செல்லும் மோட்டார் வண்டி, சில மணி நேரத்திற்குள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவை அடைந்துவிடுகிறது. வியர்வை வழிய வண்டியேறியவர்கள் அங்கே கம்பளிச் சட்டையைத் தேடுகிறார்கள். கீழே வாங்கிய வறுவல் பொட்டலம் மேலே வந்ததும் பலூன் போல் உப்பி நிற்கிறது. தேநீருக்கு வைத்த தண்ணீர் 100 பாகையை எட்டாமலே, ஏறத்தாழ 94 பாகையில் கொதித்துவிடுகிறது. இவையெல்லாம் மலைநாட்டு மக்கள் அறிந்தவையே. ஆனால், அதே பயணத்தில் டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுக்கு என்ன நேர்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே.

இப்போது பல மோட்டார் வண்டிகளில், டயரின் அமுக்கத்தை அளந்து சாரதிக்கு அறிவிக்கும் சிறிய உணரிகள் சக்கரங்களுக்குள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை இல்லாத வண்டிகளுக்கு, காற்றுவாயின் மேல் மூடி போலத் திருகிவிடும் உணரிகள் கடைகளில் கிடைக்கின்றன. நுவரெலியாவில் ஒரு குளிர்ந்த காலையில் வண்டியின் திரை 30 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. அருகிலுள்ள டயர்க் கடையில் கை அமுக்கமானியை, அதாவது சாரதிகள் ‘கேஜ்’ என்று சொல்லும் கருவியை, வைத்துப் பார்த்தால் அதே டயரில் 32க்கும் மேல் இருக்கிறது. எது பொய்? சிலர் கடைக்காரரைச் சந்தேகிக்கிறார்கள். வேறு சிலர், உணரி பழுதாகிவிட்டது என்று தீர்மானித்து, அதன்பின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இந்த இரண்டாவது முடிவுதான் மலைப்பாதையில் ஆபத்தானது.

உண்மையில் இரண்டு கருவிகளும் பொய் சொல்லாமலே இருக்கக்கூடும். இதன் விளக்கம் மோட்டார் வண்டி பிறப்பதற்கு மிக முன்பே, பிரான்சு தேசத்து மலை ஒன்றில் கிடைத்துவிட்டது. 1648ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாள், பாஸ்கால் என்னும் அறிஞரின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயுடன் புய் த டோம் என்ற மலைமீது ஏறினார். அடிவாரத்தில் வைத்திருந்த குழாயில் இரசம் அசையாது நிற்க, உச்சியிலோ அது ஏறத்தாழ 3 அங்குலம் தாழ்ந்துவிட்டது. உயரே செல்லச் செல்ல, மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரம் குறைகிறது என்பது அன்று ஐயமின்றி நிறுவப்பட்டது. கடற்கரையில் ஒரு சதுர அங்குலத்தின்மேல் 14.7 இறாத்தலாக உள்ள அந்தப் பாரம், நுவரெலியாவில் ஏறத்தாழ 11.7 இறாத்தலே. 1,271 மீற்றர் உயரத்தில் உள்ள அட்டனில் இதன் குறைவு இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேற்பட்டது.

கை அமுக்கமானி டயருக்குள் உள்ள காற்றை மட்டும் தனியே அளப்பதில்லை. உள்ளே உள்ள அமுக்கம் வெளியே உள்ளதைவிட எவ்வளவு மிகுதி என்பதையே அது காட்டுகிறது. சக்கரத்துக்குள் இருக்கும் உணரியின் நிலை வேறு. அதைச் சுற்றி எங்கும் டயரின் காற்றே சூழ்ந்திருப்பதால், வெளிக்காற்றைத் தொட்டுப் பார்க்க அதற்கு வழியில்லை. எனவே அது முழு அமுக்கத்தையும் அளக்கிறது. அதிலிருந்து வெளிக்காற்றின் பங்கைக் கழித்த பிறகே திரையில் எண் தோன்றுகிறது. சில வண்டிகள், அவ்வப்போதுள்ள வெளிக்காற்றின் அமுக்கத்தை வேறொரு கருவியால் அறிந்து கழிக்கின்றன. சில வண்டிகளோ எந்த மலையில் நின்றாலும் கடற்கரையின் 14.7 இறாத்தலையே கழிக்கின்றன. முரண்பாடு இங்கேதான் பிறக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். கொழும்பில் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் டயருக்கு 32 இறாத்தல் காற்று அடிக்கப்படுகிறது. வெளிக்காற்றையும் சேர்த்தால் முழு அமுக்கம் 46.7. நுவரெலியாவில் டயர் 15 பாகைக்குக் குளிர்ந்ததும் அது ஏறத்தாழ 44.4 ஆகக் குறைகிறது. அங்கே வெளிக்காற்று 11.7 மட்டுமே ஆதலால், கை அமுக்கமானி 32.7 என்று காட்டும். குளிர் பறித்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கடற்கரைக் கணக்கைக் கைவிடாத உணரியோ 29.7 என்றே சொல்லும். ஒரே டயர், ஒரே காற்று. வேறுபாடு 3 இறாத்தல்.

அப்படியானால் மலைமேல் எந்த எண்ணைக் கொள்வது? வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடே. வண்டி செய்தவர்கள் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவும் அந்த வேறுபாட்டின் அளவே. ஆதலால், எவ்வளவு காற்று அடிப்பது என்ற கேள்விக்கு நல்ல கை அமுக்கமானி தரும் விடையே சரியானது. திரையில் 32 தோன்றும்வரை அடித்தால் டயரில் உண்மையில் 35 இறாத்தல் ஏறிவிடும். அளவுக்கு மிஞ்சி இறுகிய டயர் பாதையைத் தொடும் பரப்புச் சுருங்குகிறது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து கிடக்கும் அட்டன் வளைவுகளில் இது விரும்பத்தக்கதன்று.

இவ்வாறு சொல்வதால் உணரியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று பொருள் கொள்ளலாகாது. இரவில், றம்பொடை வளைவுகளில் ஆணி குத்திய டயரிலிருந்து காற்று மெல்லக் கசியும்போது, பெட்டிக்குள் கிடக்கும் அமுக்கமானி அதனை அறிவிக்கப் போவதில்லை, உணரி அறிவிக்கும். நான்கு டயர்களும் ஒரே அளவாக இரண்டு மூன்று இறாத்தல் குறைத்துக் காட்டினால், உயரமோ குளிரோ காரணமாகலாம். அமுக்கமானியை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மற்ற மூன்றும் நிலைத்து நிற்க ஒன்று மட்டும் இறங்கினால் அங்கே கசிவு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்திப் பார்ப்பதே முறை.

இக்கருவி சட்டத்தில் இடம்பெற்றதற்குப் பின்னால் பெருந்துயரம் ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பொருத்திய பயர்ஸ்டோன் டயர்கள் பிளவுற்று, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதன் பின்னரே 2000ஆம் ஆண்டில் அங்கே சட்டம் பிறந்தது. 2007 செப்டெம்பரிலிருந்து அங்கு விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். குறித்த அளவில் நாலில் ஒரு பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கினால்தான் விளக்கு எரியும் என்பது இதன் பொருள். விளக்கு எரியவில்லை, ஆகவே டயர் நலமாக உள்ளது என்று நம்பியிருப்பது சரியன்று.

இலங்கையில் இன்னொரு சங்கடமும் உண்டு. சக்கரத்துக்குள் உள்ள உணரியின் மின்கலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரையே உழைக்கும். பெரும்பாலானவற்றில் அதைத் தனியே மாற்ற இயலாது. 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கிற்று. அந்த ஆண்டுகளில் பழைய வண்டிகளே மலையேறி இறங்கின; அவற்றின் மின்கலங்களும் முதுமை எய்தின. தவிர, சில வண்டிகளில் அமுக்கத்தை அளக்கும் உணரியே கிடையாது. காற்றுக் குறைந்த சக்கரம் சற்றுச் சிறுத்து வேகமாகச் சுழல்வதைக் கண்டு, அதைக்கொண்டு ஊகித்தே அவை விளக்கை ஏற்றுகின்றன. நான்கு டயர்களும் ஒருங்கே இளைத்தால் இத்தகைய ஏற்பாடு ஏமாந்துபோகக் கூடும்.

கை அமுக்கமானியும் குற்றமற்றதன்று. பெற்றோல் நிலையத்தில் தரையில் விழுந்து விழுந்து அடிபட்ட கருவியின் முள் எங்கே நின்றாலும் வியப்பில்லை. சொந்தமாக ஒன்றை வாங்கித் துணியில் சுற்றி வைத்திருப்பது நலம். அதையும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பயன்படுத்த வேண்டும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் ஏறும். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் நீண்ட சரிவில் பிரேக்கின் சூடு சக்கரத்துக்கும் பரவுகிறது. கீழே வந்ததும் எண் கூடியிருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடுகிறவர், மறுநாள் காலையில் இளைத்த டயருடன் புறப்படுவார்.

கொழுந்து ஏற்றும் லொறிகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் இவ்வுணரிகளை அரிதாகவே காணலாம். இரும்புக் கம்பியால் தட்டி ஓசை கேட்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் அங்கே பழகிப்போன பரீட்சைகள். காற்று அறவே இறங்கிய டயரை அந்த ஓசை காட்டிக் கொடுக்கும். 32க்கும் 25க்கும் உள்ள பேதத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது.

உணரி உள்ள கார்களிலும், பின்பெட்டியில் கிடக்கும் மாற்றுச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் உணரி இருப்பதில்லை. மாதக்கணக்கில் தொடப்படாத அந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று எஞ்சியிருக்கிறது என்பதை அறிய, கை அமுக்கமானியையே எடுக்க வேண்டும்.