பிடித்த படம் எது? பிடித்தது ஏன்?

(திருவேங்கடத்தில், திரைப்பட அன்பர்கள் கூடித் தத்தமக்குப் பிடித்த படங்களைப் பற்றி வாதிட்ட நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

"நாட்டிலே நூறு சிக்கல்கள் இருக்கின்றன. மழை பொய்க்கிறது, பருத்திக்கு விலையில்லை, படித்த பிள்ளைக்கு வேலையில்லை. இந்நிலையில் நாலு பேர் கூடிச் சினிமாவைப் பற்றிப் பேசுவதா? அந்தப் பேச்சிலே அரசியல் மேடையில் நிற்கும் உனக்கு என்ன வேலை?" என்று கேட்போர் உண்டு. கேட்பவர்கள் பெரியோர்கள், கேள்வியும் நியாயமானதுதான். அதற்கு விடை கூறவே இங்கு வந்து நிற்கிறேன்.

திருவேங்கடம் கரிசல் பூமி. கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் சிவகாசியும் சூழ நிற்க, நடுவே வெயிலைக் குடித்து வாழும் ஊர். இங்கே தேநீர்க் கடைப் பலகையிலே ஒருவர் அமர்ந்து, "என்னைக் கேட்டால் அதுதானப்பா படம்!" என்று ஒரு பெயரைச் சொல்லட்டும். அடுத்த நொடியே, "அது ஒரு படமா?" என்று எதிரே அமர்ந்தவர் எழுவார். கடைக்காரர் ஆற்றிய தேநீர் ஆறியே போகும், வாதம் ஆறாது. தீப்பெட்டி ஆபீசிலே கை வேலை செய்து கொண்டிருக்க, வாய் படக்கதை பேசிக் கொண்டிருக்கும். இதை வீண் பேச்சு என்று தள்ள என் உள்ளம் இடந்தரவில்லை. ஏன் என்று கூறுகிறேன்.

ஈழத்துப் பேரறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக அமர்ந்து பார்த்த முதல் அரங்கு, திரைப்படக் கொட்டகைதான் என்றார். எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! கோவிலிலே ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. தெருவிலே ஒருவன் செருப்போடு, ஒருவன் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ஆனால் டூரிங் டாக்கீசின் மணல் தரையிலே? காசுக்கு ஏற்ற இடம் உண்டு: தரை உண்டு, பெஞ்சு உண்டு, நாற்காலி உண்டு. பிறப்புக்கு ஏற்ற இடம் இல்லை! விளக்கு அணைந்ததும் பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே காட்சிக்குச் சிரித்தனர், ஒரே காட்சிக்கு அழுதனர்.

விளக்கு எரிந்தபின் நடந்ததை அதனினும் பெரிதென்பேன். படம் பார்த்தவர் அத்தனை பேருக்கும் கருத்துக் கூறும் உரிமை கிடைத்தது! "எனக்குப் பிடித்தது", "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுத்தறியாதவனும் சொல்லலாம். மறுக்க எவனுக்கும் அதிகாரமில்லை. நான் கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டவன், பட்டம் பெறாதவன். பட்டம் பெற்றவரோடு சரிக்குச் சரியாக நின்று நான் வாதிட முதன்முதலில் இடங்கொடுத்த பொருள் திரைப்படமே. இலக்கணம் கேட்டால் வாய்மூடுவோன் உண்டு. படம் கேட்டால் வாய்மூடும் தமிழன் உண்டோ?

உரிமை கிடைத்தது, நன்று. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துகிறோம்? அதுதான் இன்றைய கேள்வி.

இந்த மண்ணுக்கே சொந்தமான இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். பாஞ்சாலங்குறிச்சியும் ஒட்டப்பிடாரமும் நமக்கு அயலூர்கள் அல்ல. காலையிலே புறப்பட்டால் பார்த்துவிட்டு மாலையிலே வீடு திரும்பலாம். அந்தப் பாஞ்சாலங்குறிச்சியின் வீரனைப் பற்றி 1959 இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளிவந்தது. அந்த ஒட்டப்பிடாரத்தில் 1872 இல் பிறந்த வ.உ.சிதம்பரனாரைப் பற்றி, ம.பொ.சி. எழுதிய வரலாற்றைத் தழுவி, 1961 இல் 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்தது. இரண்டையும் இயக்கியவர் பி.ஆர்.பந்துலு. இரண்டிலும் நாயகன் சிவாஜி கணேசன். இரண்டுக்கும் இசை ஜி.ராமநாதன். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இணை கிடைக்குமா?

கட்டபொம்மன் வண்ணத்தில் வந்தான். குதிரைகள் பாய்ந்தன, வாள்கள் மின்னின. வெள்ளைத் துரையின் முன் அவன் முழங்கிய வசனத்தைப் பள்ளிச் சிறுவர்கள் பாடத்தைவிடப் பற்றோடு மனப்பாடம் செய்தனர். 1960 இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவிலே சிவாஜி கணேசன் சிறந்த நடிகரெனப் பரிசு பெற்றார். கட்டபொம்மன் 1799 இல் தூக்கிலேற்றப்பட்ட கயத்தாற்றிலே அவரே நிலம் வாங்கிச் சிலையும் எழுப்பினார். படம் வெற்றி; மாபெரும் வெற்றி!

சிதம்பரனாரோ கறுப்பு வெள்ளையில் வந்தார். வாள் இல்லை, வழக்குக் கட்டு இருந்தது. குதிரை இல்லை, செக்கு இருந்தது, மாட்டுக்குப் பதில் மனிதன் இழுக்கும் செக்கு! எஸ்.வி.சுப்பையா பாரதியாக வாழ்ந்தார், டி.கே.சண்முகம் சுப்பிரமணிய சிவாவாக உருகினார். 1961 ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படம் என்று நடுவணரசு விருதும் அளித்தது. ஆனால் வெளிவந்த காலத்தில் வசூல்? தோல்வி!

"பார்த்தீர்களா, ஓடிய படமே நல்ல படம்" என்று கூறி வழக்கை முடித்துவிடும் தீர்ப்பாளர்கள் தேநீர்க் கடைதோறும் உண்டு. "எங்கள் படம் நூறு நாள், உங்கள் படம் ஐம்பது நாள், போய் வேலையைப் பார்" என்பர். அவர்களை ஒன்று கேட்கிறேன். சிதம்பரனார் 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினாரே, என்ன ஆயிற்று? வெள்ளையன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; மேலும் குறைத்தது. 1908 இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். 1911 இல் அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டது. வசூலை அளவுகோலாக வைத்தால் வென்றவன் வெள்ளையன், தோற்றவர் சிதம்பரனார்! ஒப்புவீர்களா? உங்கள் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் கொடுப்பீர்களா? மனிதனை அளக்க உதவாத அந்தக் கோலைக் கொண்டு, அவனைப் பற்றிய படத்தை மட்டும் அளப்பது என்ன அறிவு?

இதனாலே கட்டபொம்மன் மட்டமென்று நான் சொல்லவில்லை. வீரத்தைக் கண்டு நிமிர்வதும் ஒரு பயன். தியாகத்தைக் கண்டு குனிவதும் ஒரு பயன். கட்டபொம்மனைப் பார்த்தவன் மார்பை விரித்துக்கொண்டு வெளியே வந்தான். சிதம்பரனாரைப் பார்த்தவன், 'இப்படிப்பட்டவரையா கைவிட்டோம்?' என்று தன்னையே கேட்க நேர்ந்தது. தன்னைக் கேள்வி கேட்கும் படத்துக்குக் கூட்டம் குறைவாகத்தான் சேரும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். இருந்தால் கூறுங்கள்; காரணத்தோடு கூறுங்கள். அதுவே நான் வேண்டுவது.

வசூல் ஒரு காரணமாகாதது போலவே, நடிகர் பெயரும் முழுக் காரணமாகாது. 1964 பொங்கலன்று, ஒரே நாளில், சிவாஜியின் 'கர்ண'னும் எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்கார'னும் வெளிவந்தன. அன்று யார் வென்றார் என்பதை இன்றும் வாதிடும் முதியவர்கள் உண்டு. தோரணத்திலே போட்டி, சுவரொட்டியிலே போட்டி, சில வேளை கைகலப்பிலும் போட்டி! அந்தக் 'கர்ண'னை எடுத்தவரும் நம் பந்துலுதான். அதே பந்துலு அடுத்த ஆண்டே, 1965 இல், எம்.ஜி.ஆரை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். இரு முகாமும் ஒருவரையொருவர் முறைத்து நிற்க, முறைப்புக்கு நடுவே நின்று இரு முகாமுக்கும் விருந்து படைத்தவர் ஒரே மனிதர்! 'அவர் படமென்றால் பார்ப்பேன், இவர் படமென்றால் பாரேன்' என்றிருந்தவன் பாதி விருந்தை இழந்தான். இழப்பு யாருக்கு? எம்.ஜி.ஆருக்கா, சிவாஜிக்கா? பட்டினி கிடந்தவனுக்கன்றோ!

"சாமானியர் சண்டையிடுவர், மேதைகள் முடிவாகச் சொல்லிவிடுவர்" என்று எண்ணாதீர்கள். இங்கிலாந்திலே 'சைட் அண்ட் சவுண்ட்' என்றோர் ஏடு, உலகத்தின் தலைசிறந்த படம் எதுவெனப் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளர்களைக் கேட்டு வருகிறது. 1952 இல் முதலிடம், இத்தாலியின் டி சிகா எடுத்த 'மிதிவண்டித் திருடர்கள்' படத்துக்கு. 1941 இல் வந்த 'சிட்டிசன் கேன்' அன்று முதல் பத்திலேகூட இல்லை! அதே படம் 1962 இல் முதலிடத்தில் ஏறி ஐம்பதாண்டு அமர்ந்தது. 2012 இல் அதனை இறக்கிவிட்டு 'வெர்டிகோ' ஏறியது. 2022 இல் அதனையும் இறக்கிவிட்டு, சாந்தால் ஆக்கர்மன் என்ற பெண்மணி 1975 இல் எடுத்த 'ஜீன் டீல்மன்' ஏறியது. ஒரு பெண் எடுத்த படம் அந்தப் பட்டியலின் உச்சிக்கு வர எழுபதாண்டு பிடித்தது. மேதைகளின் தீர்ப்பே மாறுகிறதென்றால், நம் தேநீர்க் கடைத் தீர்ப்பு மாறுவதில் மானக்கேடு ஏது? பேசப் பேசத்தான் கண் திறக்கிறது. 1964 இல் பார்த்த 'கர்ண'னை 2012 இல் புதுப்பித்து வெளியிட்டபோது, அன்று பிறக்காத பிள்ளைகள் திரண்டு வந்து நூறு நாளுக்கு மேல் ஓட்டினரே!

பேச்சு பேச்சாகவே முடியும் என்றும் நினைக்க வேண்டாம். 1947 இல் கல்கத்தாவில் இளைஞர் சிலர் ஒரு திரைப்படக் கழகம் அமைத்தனர். கூடிப் படம் பார்த்தனர், பார்த்தபின் அலசினர். அவர்களில் ஒருவர் விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்து பிழைத்தவர். 1950 இல் இலண்டன் சென்றபோது, நான் மேலே சொன்ன 'மிதிவண்டித் திருடர்கள்' படத்தைப் பார்த்தார். திரும்பி வந்து 1955 இல் 'பதேர் பாஞ்சாலி' தந்தார். அவர்தான் சத்யஜித் ராய்! நமது மலைக்கு மேற்கே, கேரளத்தில், 1965 இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 'சித்ரலேகா' கழகம் கண்டனர். அதன்பின் அங்கே ஊரூராய்க் கழகங்கள் முளைத்தன. அங்கே முளைத்த விதை கரிசலிலே முளைக்காதா?

இனி அந்தப் பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன்: 'அரசியல்வாதிக்கு இங்கென்ன வேலை?'

இந்த நாட்டிலே திரைக்கும் கோட்டைக்கும் இடையே தூரம் குறைவு. 'வேலைக்காரி'க்குக் கதையும் வசனமும் தந்த அண்ணா 1967 இல் முதலமைச்சரானார். 'பராசக்தி'க்கு வசனம் தீட்டிய கலைஞர் 1969 இல் அமர்ந்தார். 1977 இல் எம்.ஜி.ஆர்., 1991 இல் ஜெயலலிதா. திரையிலே பேசியவர் சட்டமன்றத்திலே பேசினர். கொட்டகையிலே கைதட்டியவர் வாக்குச் சாவடியிலே நின்றனர். ஆகவே, கொட்டகையிலே பழகிய பழக்கம் வாக்குச் சாவடிக்கும் கூடவே வரும். 'ஏன் பிடித்தது?' என்று படத்தைக் கேட்கப் பழகாதவன், 'ஏன் வாக்களிக்க வேண்டும்?' என்று வேட்பாளரைக் கேட்பானா?

நான் நாடகம் எழுதுபவன். ஆகையால் தொழில் இரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கைதட்டல் எந்த வரியில் விழவேண்டும் என்பதை எழுதும்போதே நாங்கள் குறித்து வைக்கிறோம். எதுகை எங்கே, ஏற்றம் எங்கே, இடைநிறுத்தம் எங்கே, எல்லாம் கணக்கு! மேடைப் பேச்சிலும் அப்படியே. இப்போதுகூட நீங்கள் கைதட்டிய இரண்டு இடங்கள் நான் எதிர்பார்த்த இடங்களே. தட்டுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் துறவியல்லன். தட்டியபின் வீட்டுக்குப் போகும் வழியில், 'ஏன் தட்டினேன்?' என்று கேளுங்கள். காரணம் கிடைத்தால் அந்தக் கைதட்டல் உங்களுடையது. கிடைக்காவிட்டால் அது என்னுடையது. நான் உங்களிடமிருந்து களவாடியது!

டூரிங் டாக்கீஸ் மறைந்தது. மணல் தரை மறைந்தது. இன்று ஆளுக்கொரு திரை கையிலே. அவரவர் காதிலே அவரவர் ஒலி. பக்கத்தில் இருப்பவன் எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாது. உலகத்துப் படமெல்லாம் உள்ளங்கையில் கிடைக்கிறது. உடனிருந்து வாதிட ஆளில்லை! ஆகவே தோழர்களே, இக்கூட்டம் இன்றோடு கலைந்துவிடலாகாது. மாதம் ஒருநாள் கூடுங்கள். ஒரு படம் பாருங்கள்; உங்கள் முகாமின் படம் ஒருமுறை, எதிர் முகாமின் படம் மறுமுறை. தீப்பெட்டி ஆபீசிலே வேலை செய்யும் தாய்மாரும் தங்கைமாரும் வந்து பேசும் நேரத்திலே கூட்டத்தை வையுங்கள். படம் பார்ப்போரில் பாதிப்பேர் அவர்கள். அவர்கள் கருத்தின்றி எடுக்கும் முடிவு பாதி முடிவே. பேச வருபவர் எவராயினும் 'பிடித்தது' என்பதோடு நிறுத்தாமல் 'ஏனெனில்' என்ற ஒரு சொல்லையும் சேர்த்துப் பேசட்டும்.

'ஏனெனில்'! சின்னஞ்சிறு சொல். அதைச் சொல்லப் பழகிய ஊரை எந்த நடிகனும் மயக்க முடியாது. எந்தப் பேச்சாளனும் ஏய்க்க முடியாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் கூட்டத்துக்குக் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் போடுங்கள். பார்த்துவிட்டு, அது தோற்றது சரியா, தவறா என்று திருவேங்கடம் தீர்ப்பளிக்கட்டும்.