கடன் கேட்டு வருபவரைக் கணக்கோடு சந்திப்போம்

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் துறை விரிவுரையாளர் ஆற்றிய உரை)



விதை நேர்த்தி, களை நிர்வாகம், நுண்ணூட்டம் என்று காலை முதல் பல செய்திகளைக் கேட்டீர்கள். உழவியல் விரிவுரையாளனாகிய நான் கடனைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற சம்பாவில் ஒரு வயலைப் பார்வையிடச் சென்றேன். மேலுரம் இட வேண்டிய நாள் கடந்து பத்து நாளாகியும் உரம் இடவில்லை. பயிர் வெளுத்து நின்றது. கேட்டபோது, உரத்திற்கு வைத்திருந்த பணத்தை வாசலில் வந்து நின்ற வசூல்காரரிடம் கொடுத்துவிட்டதாக அந்த உழவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தத் தவணை அடைந்தது. ஆனால் தூர் குறைந்தது, விளைச்சல் குறைந்தது, அடுத்த தவணைக்கு வழியில்லாமல் போயிற்று. ஆகவே கடன் தவணையும் உழவியல் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று அன்று முடிவு செய்தேன்.

நானும் உழவர் வீட்டுப் பிள்ளைதான். நான் சிறுவனாக இருந்தபோது, கடன் கேட்டு ஆள் வருவது தெரிந்தால் என் தந்தையார் கொல்லைப்புறமாகப் போய்விடுவார். "அப்பா ஊரில் இல்லை" என்று சொல்வது என் வேலை. அந்தப் பொய்யால் ஒரு ரூபாய்க் கடனும் குறையவில்லை, வட்டிதான் ஏறியது. பின்னர் ஒருநாள் அவர் நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதிக்கொண்டு கடன் கொடுத்தவரிடம் தாமாகவே சென்றார். மூன்று அறுவடையில் கட்டுவதாகப் பேசி முடித்தார், கட்டியும் முடித்தார். அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பட்டியல் எழுதுங்கள்

கூட்டுறவுச் சங்கம், வங்கி, நகைக் கடன், மகளிர் குழுக் கடன், உரக்கடைப் பாக்கி, கைமாற்று என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அசல், வட்டி, கட்ட வேண்டிய நாள், கொடுத்துள்ள ஈடு ஆகிய நான்கும் எதிரே இருக்க வேண்டும்.

வட்டியை ஆண்டுக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். ஐந்து வட்டி என்றால் 60 சதவீதம். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய நாளுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. நாள் தவறினால் அந்தச் சலுகை போய்விடும். எனவே சங்கக் கடனின் கெடு நாளைக் காப்பாற்றுவதும், வட்டி மிகுந்த வெளிக்கடனை முதலில் குறைப்பதும் முறையாகும். கந்துவட்டிக்கு வாங்கி வங்கித் தவணை கட்டுவது, சேற்றில் சிக்கிய வண்டிக்கு மேலும் பாரம் ஏற்றுவது போன்றது.

எவ்வளவு கட்ட முடியும்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இரண்டு ஏக்கர் சம்பா, இரண்டு கறவை மாடு உள்ள குடும்பம். நெல் 40 குவிண்டால், குவிண்டால் 2,500 ரூபாய் வீதம் 1,00,000 ரூபாய். சாகுபடிச் செலவு 60,000 போக மிச்சம் 40,000. பாலில் செலவு போக மாதம் 4,000; கூலியில் மாதம் 2,000. வீட்டுச் செலவு மாதம் 6,000.

இப்போது கவனியுங்கள். மாத வரவும் மாதச் செலவும் சரியாகப் போய்விடுகின்றன. மாதத் தவணை கட்ட இக்குடும்பத்தில் ஒரு ரூபாயும் இல்லை. அறுவடையில் வரும் 40,000-இல் அடுத்த பருவத்தின் விதைக்கும் உழவுக்கும் 10,000, நோய்நொடிக்கு 5,000 ஒதுக்கினால் 25,000 ரூபாய் கடனுக்குக் கட்டலாம். மாதம் 2,000 என்று ஒப்புக்கொண்டால் ஆண்டுக்கு 24,000தான். தொகை குறைவு என்றாலும் முதல் மாதமே தவறும்! மாசி மாதத்தில் 25,000 என்றால் தவறாது. எனவே தொகையைப் போலவே கட்டும் காலத்தையும் பேசிப் பெறுவது இன்றியமையாதது.

கட்ட முடியாத தொகையை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாக்குத் தவறும்போது அடுத்த பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

எழுத்தில் கேளுங்கள்

கெடு நாளுக்கு முன்பே கிளை மேலாளரிடம் மனுக் கொடுங்கள். மனு இவ்வாறு இருக்கலாம்:

"ஐயா, எனது பயிர்க்கடன் கணக்கில் நிலுவை இவ்வளவு. மழை வெள்ளத்தால் இத்தனை ஏக்கரில் பயிர் சேதமடைந்தது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும் சேதச் சான்றும் இணைத்துள்ளேன். எனது வரவு செலவுக் கணக்குப்படி மாசி அறுவடையில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கட்ட இயலும். தவணையை மாற்றியமைத்து எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். இது சலுகைக்காகக் கெஞ்சுவது அன்று. இயற்கைச் சீற்றத்தால் விளைச்சல் 33 சதவீதமோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றலாம் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி தொகுத்து வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. இழப்பு 50 சதவீதத்திற்குக் கீழ் என்றால் 2 ஆண்டு வரையிலும், அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு வரையிலும் காலம் தர அதில் இடமிருந்தது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் இப்பருவத்திற்குரிய விதியைக் கிளையில் கேட்டறியுங்கள்.

தவணை நீண்டால் மொத்த வட்டி கூடும் என்பதையும் மறவாதீர்கள். ஒரே முறையில் தீர்வு பேசினால், ஒப்புக்கொண்ட தொகையைக் கடிதமாகப் பெற்ற பின்னரே பணம் கட்டுங்கள். கட்டி முடித்ததும் நிலுவையின்மைச் சான்றையும் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வசூலிக்க வருபவரின் எல்லை

கடன் கொடுத்தவர் கேட்பது அவருடைய உரிமை. ஆனால் கேட்கும் முறைக்கு வரம்பு உண்டு. 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மகளிர் குழு வழியாகவும் தனியாகவும் பெறும் குறுங்கடன்களுக்கு இது காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரைதான். மிரட்டுவது, ஏசுவது, ஊரார் முன் அவமானப்படுத்துவது, உறவினரைத் தொல்லை செய்வது எல்லாம் தடை செய்யப்பட்டவை. குறுங்கடனை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அந்த இடத்திற்குத் தொடர்ந்து இருமுறை வராதபோதுதான் பணியாளர் வீட்டுக்கு வரலாம். ஆகவே தாய்மார்களே, கூட்டத்திற்குச் செல்லாமல் இருப்பது உங்களுக்கே பாதகமாகும்.

ஆள் வந்தால் ஒளிய வேண்டாம், சண்டையும் வேண்டாம். "தம்பி, உங்கள் அடையாள அட்டையையும் வங்கி தந்த கடிதத்தையும் காட்டுங்கள். என் மனு கிளையில் இருக்கிறது. இதோ அதன் நகல்" என்று சொல்லுங்கள். பெயர், நாள், நேரம், பேசியது ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

உரிமையியல் வழக்கில் நீதிமன்றம் ஜப்தி உத்தரவு போட்டாலும், உழவருக்குப் பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவிகள், மாடுகள், விதை நெல், சமையல் பாத்திரங்கள், படுக்கை ஆகியவை, அந்தக் கடனுக்கே ஈடாக எழுதித் தராதவரை, விலக்குப் பெற்றவை. அப்படியிருக்க, உத்தரவு ஏதுமின்றி வரும் முகவர் தொழுவத்தில் கை வைக்க முடியாது. வழக்கின்றி ஈட்டுச் சொத்தை வங்கி கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விளைநிலத்திற்குப் பொருந்தாது. கடனில் வாங்கிய வாகனத்தையும் அடியாள் வைத்துப் பறிப்பது முறையன்று என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

வெளிக்கடன்

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இலும் ஒரு சட்டம் வந்துள்ளது. வெற்றுத் தாளில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திடுவதும், தொகை எழுதாத காசோலை கொடுப்பதும் கூடவே கூடாது. காசோலை திரும்பி நோட்டீசு வந்தால் கட்டுவதற்கு 15 நாள்தான் உண்டு. உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். தனியாரிடம் பட்ட கடனை அடைக்க வங்கியில் கடன் கேட்கலாம். அத்தகைய கடன் முன்னுரிமைக் கடன்களில் சேர்ந்தது.

எங்கே முறையிடுவது?

வங்கியின் மீது குறை என்றால் முதலில் வங்கிக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் நிறைவளிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவுத் துணைப்பதிவாளரை அணுகுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் முன்னோடி வங்கி மேலாளரையே நேரில் கேட்கலாம். வட்டச் சட்டப்பணிகள் குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை என்பதால் தொகையைக் கணக்கிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். மிரட்டலும் அடிதடியும் என்றால் காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள்.

உழவர் பெருமக்களே, கடன் பட்டது குற்றமன்று. மழை பொய்த்ததற்கும் விலை சரிந்ததற்கும் நாம் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் கடனை வீட்டாரிடம் மறைப்பது பெருந்தீங்கு. இன்று இரவு விளக்கடியில் அமர்ந்து, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து அந்தப் பட்டியலை எழுதுங்கள். மனம் மிகச் சோர்ந்தவர் யாரேனும் உங்கள் தெருவில் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அருகில் அமர்ந்து அவர் கணக்கையும் எழுதிக் கொடுங்கள்.

மேலுரப் பணம் மேலுரத்திற்கே போகட்டும். பயிர் தேறினால் கடனும் தேறும்.